மூடிக்குள் ஒரு கோடு

செத்தூபல் துறைமுகத்துக்கு மேல்தெரு, நான்காம் மாடி.
தண்ணீர் வடியாமல் நின்றுபோன சலவை இயந்திரத்தைப்
பின்பக்கம் சாய்த்துக் குழாயைக் கழற்றினேன்.
சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று,
வாளியில் வந்து விழுந்தது கூழ்.

"என்ன அது?" என்றாள் இடலினா.
கடல்பிராணி எதையோ பிடித்துவிட்டேன் என்று
நினைத்திருப்பாள்.
"உங்கள் சோப்பு. நீங்கள் ஊற்றியது,
துணி வேண்டாம் என்றது."

பதினோரு வருடமாக இந்த வேலை.
எந்த வீட்டிலும் இதே கூழ்தான்.
வாசனை மட்டும் வேறு: ஒன்றில் லாவெண்டர்,
ஒன்றில் ஏதோ மலை, ஏதோ விடியல்.
யாரிடமும் சொன்னதில்லை.
வந்துபோக முப்பத்தைந்து யூரோ;
அந்தக் கூழில்தான் என் கஞ்சி.

அன்றைக்கு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
மழை விட்டிருந்தது.
அவள் காபி கொடுத்தாள்,
கோப்பை நிறைய, தட்டில் சிந்தும் அளவுக்கு.
அந்தச் சிந்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
"பாட்டில் மூடியை எடுத்து வாருங்கள்."

சன்னலுக்கு நேரே பிடித்து
கண்ணைச் சுருக்கித் தேடினோம்.
அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில்
நீலத்தின் மேல் நீலமாய்
மயிரிழைக் கோடு.
பக்கத்தில், எறும்பு எழுதியதுபோல், ஓர் ஒன்று.
அதற்கு மேலே மூன்று பங்கு வெற்றிடம்.

"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
"அப்புறம் எதற்கு இத்தனை பெரிய மூடி?"

பாட்டிலின் வாய்க்குப் பொருந்த என்று
சொல்லி முடித்திருக்கலாம்.
ஆனால் கிண்ணம்போல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால்
அதன் கழுத்துவரை போகாமல் நிற்க
எந்தக் கைக்குத் தெரியும்?
பாதி ஊற்றி நிறுத்துகிறவனைக்
கஞ்சன் என்றுதானே சொல்கிறோம்?
யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து
இதை யோசித்திருக்கிறார்.
நம் தாராளத்தை அளந்து பார்த்து
அதைவிடக் கொஞ்சம் பெரிதாக
மூடி வார்த்திருக்கிறார்.

இடலினா திட்டவில்லை.
உள்ளே போய் நகப்பூச்சு எடுத்து வந்தாள்,
செர்ரிச் சிவப்பு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மூடியைச் சுற்றி இழுத்தாள்.
தொடங்கிய இடத்தில் கோடு சேரவில்லை,
அரிசியளவு இறங்கிவிட்டது.

"எவரிஸ்தோவின் சட்டைக்கு?"
"கோடு."
"மத்திப் படகிலிருந்து வருகிறானே, நாறுமே?"
"கோடு."

வெளியே, சந்துக்குக் குறுக்கே,
எதிர்வீட்டுத் துண்டுகள் தொங்கின,
உப்புக் கருவாடாய் விறைத்து,
அலசியும் போகாத சோப்பை
இன்னும் உடுத்திக்கொண்டு.

ஏப்ரலில் மீன் சந்தையில் பார்த்தேன்.
"பாட்டில் தீரவே மாட்டேன் என்கிறது,"
புகார் சொல்வதுபோல் சொன்னாள்.
மூன்றாம் மாடியில் இரண்டு பேர்
நகப்பூச்சை இரவல் கேட்டார்களாம்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"சில நாள் கோட்டுக்கு மேலே கொஞ்சம். அவனுக்காக."
அந்தக் கட்டடத்திலிருந்து
எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.
நல்லதுதான் என்று
இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

இரவு பல் துலக்கப் போகிறேன்.
பட்டாணியளவு போதும் என்று
பற்பசை டப்பாவின் முதுகில்
பூதக்கண்ணாடிக்காக எழுதியிருக்கிறது.
முகப்பிலோ பிரஷ்ஷின் இக்கரையிலிருந்து அக்கரைவரை
நுனி சுருண்ட அலை.

எல்லாம் தெரிந்தவன்
நானும் அலைதான் போடுகிறேன்.
நுனியைச் சுருட்ட
மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது.
வாய்க்குப் போகுமுன்
பாதி, தொட்டியில் விழுகிறது.